பழைய ஸ்டாக் கார் கிட்டை நெல்லை வெயிலில் ஒட்டி முடிப்பது எப்படி

1980-களிலோ 90-களிலோ அச்சான ஸ்டாக் கார் கிட் (உதிரிகளாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரிப் பந்தயக் கார்) ஒன்றை இன்றைக்கு ஒட்ட உட்காருகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பம்பர் உடைந்தால் இன்னொரு பம்பர் கிடையாது. காரில் ஒட்டும் எண்களும் விளம்பரங்களும் அச்சான டெக்கால் தாள் நொறுங்கினால் இன்னொரு தாள் கிடையாது. ஆகவே கீழே வரும் எல்லா வேலைக்கும் விதி ஒன்றுதான்: திருப்ப முடியாத எதையும் காரில் செய்வதற்கு முன் ஸ்ப்ரூவில் செய்து பாருங்கள். உதிரிகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் கிளைதான் ஸ்ப்ரூ. காரும் அதுவும் ஒரே பாலிஸ்டைரின் என்பதால் பசை, பெயிண்ட், தின்னர் எதுவானாலும் அதில் நடப்பதே காரிலும் நடக்கும். ஸ்ப்ரூ தீர்ந்துபோனால் பழைய சிடி டப்பா போதும். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தக் கெட்டி டப்பாவும் பாலிஸ்டைரின்தான்.

இந்தப் பெட்டிகள் ஏன் அரிதாயின

ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற கார். 1948-இல் தொடங்கிய நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு 1949-இல் நடத்திய தொடருக்கு ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ என்றே பெயர். ஷோரூம் காரை ஏறக்குறைய அப்படியே கொண்டுவந்து ஓட்ட வேண்டும். பெரும்பாலும் நீள்வட்டப் பாதை, திருப்பம் எல்லாம் இடப்பக்கம். நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதியிலும் வலமாக வரும். இவை இடமாகச் சுற்றும். 1959-இல் திறந்த டேட்டோனா பாதை 2.5 மைல் சுற்று, வளைவுகளில் 31 பாகைச் சாய்வு. நம் இருங்காட்டுக்கோட்டையும் கோவை கரி தளமும் இரண்டு பக்கமும் வளைகிற சாலை வகைத் தளங்கள். அதனால் இந்தக் கார்களோடு நமக்குள்ள பழக்கம் திரையாலும் கிட்டாலும் வந்ததுதான்.

கிட் தொழிலும் அதே வேரில் முளைத்தது. ஏ.எம்.டி. நிறுவனம் கார் டீலர்களுக்காகச் சின்ன மாதிரிக் கார்கள் செய்துகொடுத்துப் பிழைத்தது. 1958-இல் 1:25 அளவில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளைக் கொண்டுவந்தது. வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவின் காரை, பையன் மேசையில் பந்தயக் காராகக் கட்டலாம். அந்த ஒட்டுறவுதான் முழு வியாபாரத்துக்கும் முதல். 1970-இல் ரிச்சர்ட் பெட்டி ஓட்டிய நீல நிற 43-ஆம் எண் பிளிமத் சூப்பர்பேர்டு கூட, நீண்ட மூக்கும் உயர்ந்த பின்சிறகுமாக, பந்தய விதிக்காகப் பொதுமக்களுக்கும் விற்கப்பட்ட கார்.

பிறகு பந்தயக் கார் ஷோரூமை விட்டு விலகிப் போயிற்று. தகட்டை வளைத்துச் செய்த உடல், அதில் ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். 2007-இல் வந்த ‘கார் ஆஃப் டுமாரோ’வில் எல்லாக் கம்பெனிக் காருக்கும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். இன்னொரு பக்கம், ஒரு கிட் வெளிவர அணி, ஓட்டுநர், கார் கம்பெனி, உடம்பில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு விளம்பரதாரர் எனப் பல இடத்தில் உரிமம் வாங்க வேண்டும். அச்சு வெட்டி முடிப்பதற்குள் விளம்பரதாரர் மாறிவிடுவார். வண்ணம் பூசியே வரும் டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) கார்கள் 1990-களில் அலமாரியைப் பிடித்துக்கொண்டன. 1986-இல் ஒன்றாய்ச் சேர்ந்த ரெவெல்-மோனோகிராம் கிட் நிறுவனம், கடைசியாக ஹாபிகோ என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. ஹாபிகோ 2018-இல் திவாலானது. ரெவெல் ஜெர்மனிப் பக்கம் கைமாறியது. சால்வினோஸ் ஜே.ஆர். போன்றவர்கள் இன்று புது அச்சு வெட்டுகிறார்கள். அவர்களும் அதிகம் திரும்பிப் போவது 1970, 80-களின் கார்களுக்கே. ஷோரூம் காரின் சாயல் மிச்சமிருந்த கார்கள் அவைதான்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

மேலுறை பிரிக்காத பெட்டி என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. டெக்கால் உள்ளேயே மஞ்சளாகும், டயர் உள்ளேயே உருக்கும். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: டெக்கால் தாள், முன்கண்ணாடி, டயர். இந்தக் கிட்டுகளின் மெத்தென்ற வினைல் டயரில் உள்ள பிளாஸ்டிசைசர் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரினை அரித்துவிடும். சூடு அதை விரைவுபடுத்தும். டயர் கண்ணாடி உதிரியின் மேல் கிடந்திருந்தால் அரைவட்டத் தழும்பு விழுந்திருக்கும். அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. பெட்டி வந்த அன்றே டயர்களைத் தனிக் கவரில் போட்டுப் பிரித்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கிட்டை மட்டும் வரவழையுங்கள். ஸ்ப்ரே டப்பாவும் பசையும் தீப்பற்றும் பொருள், விமானப் பார்சலில் ஏறாது. சுங்க வரியையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

உதிரி வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது எல்லாம் எப்போதும் செய்யலாம். பெயிண்டுக்கு மட்டும் நாள் பார்க்க வேண்டும். தையும் மாசியும் உத்தமம். காலை ஏழு முதல் பத்து மணிக்குள். பங்குனி, சித்திரை மத்தியானத்தில் அடித்தால் பெயிண்ட் உடம்பில் விழுமுன்பே காற்றில் காய்ந்து, பரப்பு மணல் ஒட்டியது மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிர்ச் சிக்கல்: ஈரக்காற்றில் லாக்கர் வகைப் பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். அப்படிப் பூத்தால் பதறிச் சுரண்ட வேண்டாம். வெயில் வந்த நாளில் அதே பெயிண்டை மெல்லிய மூட்டமாக ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில், முக்கியமாகப் பணகுடி, காவல்கிணறு பக்கம், அறைக்குள் கூடப் புழுதி வரும். அந்த மாதத்தை எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ தகரக் கூரைக்கு அடியிலோ பெட்டியை வைக்காதீர்கள். ஓட்டுநரைச் சுற்றிக் காக்கும் கூண்டான ரோல் கேஜின் மெல்லிய கம்பிகள்தான் முதலில் வளையும். வளைந்தவற்றைக் கை பொறுக்கும் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு, நேராக்கிப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் நனைத்தால் நிற்கும். ஒரே தடவையில் முழுதாக நேராக்க முயன்றால் முறியும். இரண்டு மூன்று முறையாகச் செய்யுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

பாலிஸ்டைரினுக்கான மெல்லிய திரவப் பசையை ஆன்லைன் ஹாபி கடையில்தான் வாங்க வேண்டும். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அது பிளாஸ்டிக்கை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கும். பெயர்ப்பலகைக் கடையில் அக்ரிலிக் ஒட்டப் பயன்படுத்தும் திரவம் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். அது மெல்லிய உதிரியை நொடியில் கரைத்துவிடும், புகையும் கெடுதல். ஃபெவிக்விக் உலோகக் கம்பிக்கும் குரோம் உதிரிக்கும் மட்டும். கண்ணாடி உதிரிப் பக்கம் அதைக் கொண்டுபோனால் ஆவி படிந்து மங்கிவிடும். கண்ணாடிக்கு வெள்ளை ஃபெவிகால்தான்: காய்ந்தால் தெளிந்துவிடும், தப்பாகப் போனாலும் ஈரத்துணியால் துடைத்து எடுக்கலாம்.

மற்றதெல்லாம் கார் பெயிண்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்: வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000 எண்ணில் ஒவ்வொரு தாள், எம்-சீல், மாஸ்கிங் டேப், ரப்பிங் காம்பவுண்ட், குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப் ஒரு சுருள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். ஆசிட் பாட்டில் இல்லையே என்று பார்த்து வாங்குங்கள். அது டெக்காலுக்கு. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் டெக்காலை நனைத்தால் காய்ந்தபின் ஓரமெல்லாம் உப்புக் கோடு தெரியும்.

வேலைக்கு உட்காரும்போது கோரைப்பாயில் நேரடியாக உட்கார வேண்டாம். வீல் நட் அளவு உதிரி பாயின் இழைக்குள் போனால் போனதுதான். ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன் ஒரு தலைப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கைதவறியது மடியிலேயே நிற்கும்.

உடம்பு

முதலில் எல்லா ஸ்ப்ரூவையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு அச்சுக் கோடுகள். ஃபெண்டர் மேலும் கூரைத் தூண்களிலும் மயிரிழை போல ஓடும். பிளேடின் முதுகால் சுரண்டி, 600 எண் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போகும். அதை விட்டுவிட்டால் பளபளப்பு ஏற ஏறத் துலங்கித் தெரியும்.

பள்ளங்களுக்கு எம்-சீல். டிங்கரிங் பட்டறையில் வைக்கும் என்.சி. பட்டியும் ஆகும், ஆனால் தடிமனாக அப்பினால் அதிலுள்ள கரைப்பான் அடியிலுள்ள பிளாஸ்டிக்கை இளக்கி, ஒரு வாரம் கழித்துக் குழி விழும். எம்-சீல் காய்ந்தபின் சுருங்குவது குறைவு. முதல் நாள் வைத்து மறுநாள் தேயுங்கள்.

பிரைமர்தான் ஆபத்தான கட்டம். உலோகக் காருக்கான ஸ்ப்ரே பிரைமரில் இருக்கும் தின்னர், வெறும் பாலிஸ்டைரினில் ஈரமாக விழுந்தால் பரப்பு வறண்ட குளத்து மண் மாதிரி வெடிப்பு விடும். சிடி டப்பாவில் அடித்துப் பாருங்கள். வெடிக்காவிட்டாலும் காரில் 20 சென்டிமீட்டர் தள்ளி நின்று, முதல் இரண்டு தடவை புகை படிந்தது போல மட்டும் அடியுங்கள், நடுவே பத்து நிமிடம். அந்தத் திரை காய்ந்தபின்தான் முழுப் பூச்சு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அடியில் வெள்ளை பிரைமர் வேண்டும். சாம்பல் மேல் அடித்தால் சிவப்பு செங்கல் நிறமாகும்.

நிறமும் அதே கணக்கு: இரண்டு மூட்டம், பிறகு இரண்டு ஈரப்பூச்சு. ஈரப்பூச்சின்போது 15 சென்டிமீட்டருக்கு நெருங்கலாம். காரைத் தாண்டித் தொடங்கி, காரைத் தாண்டி முடியுங்கள். உடம்பின் மேல் பொத்தானை அழுத்தினால் முதல் துளி பொட்டாக விழும். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடிக்கலாம். அடித்தவுடன் கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடிவையுங்கள். கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டியால் மூடினால் சிம்பு உதிரும்.

காய்ந்ததா என்று விரலால் தொடாதீர்கள், மோந்து பாருங்கள். வாசனை இருக்கிறவரை காயவில்லை. லாக்கருக்கு இரண்டு நாள், எனாமலுக்கு ஒரு வாரம். கெட்டுப்போன அக்ரிலிக் பெயிண்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் கழற்றலாம். என்.சி. தின்னரால் கழற்றப் பார்த்தால் பெயிண்டோடு காரும் போய்விடும். பட்டறைக்காரர்கள் அடிக்கும் 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேற்பூச்சு) கண்ணாடி மாதிரி நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, துணி மாஸ்க் காக்காது. வீட்டுக்குள் அது வேண்டாம்.

டெக்கால்

ஸ்டாக் காரின் முகமே டெக்கால்தான். நேரமும் கவனமும் இங்கேதான் அதிகம் செலவாக வேண்டும்.

கிட்டைத் திறந்ததும், வேறு எதற்கும் முன், தாளை 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். பின்னால் அச்சடிக்க நேர்ந்தால் அளவு சரியா என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.

தாள் மஞ்சளாகியிருந்தால் ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி, கிழக்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியின் உட்புறம், படம் வெயிலைப் பார்க்க ஒட்டிவையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். மறந்து விட்டுவிட்டால் சிவப்பும் சேர்ந்து வெளுத்துவிடும். மேற்கு ஜன்னலில் பிற்பகல் சூடு கடுமை, தாள் சுருண்டுகொள்ளும்.

அடுத்து, வேண்டாத ஒரு சின்னப் படத்தை வெட்டி நனைத்துப் பாருங்கள். முழுசாக நழுவினால் சரி. தூளாகச் சிதறினால் தாள் முழுவதற்கும் லாக்கர் கிளியர் இரண்டு மெல்லிய பூச்சு அடித்து, ஒரு இரவு காயவிடுங்கள். அதன்பின் தாள் முழுதும் ஒரே படலமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டிக் கத்தரிக்க வேண்டும். புது பிளேடு போடுங்கள்.

சில படங்கள் தாளில் இல்லையே என்று தேட வேண்டாம். சிகரெட், பீர் விளம்பரங்களைப் பல கிட்டுகளில் விட்டுவிட்டுத்தான் அச்சிட்டார்கள். வேண்டுமென்றால் தனியாக அச்சடிக்கலாம். இங்க்ஜெட் தாள் வேறு, லேசர் தாள் வேறு. இங்க்ஜெட் டெக்கால் தாளைக் கடைக்காரரின் லேசர் மெஷினில் விட்டால் படலம் உருகி டிரம்மில் சுற்றிக்கொள்ளும். இங்க்ஜெட் அச்சுக்குக் கிளியர் அடிக்காமல் நனைத்தால் மை கரைந்து ஓடும். சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதால் வெள்ளை எழுத்துக்கு வெள்ளைத் தாள் வாங்கிச் சுற்றிலும் கார் நிறத்தையே அச்சிட வேண்டும்.

ஒட்டும் பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பரப்பில் அடியில் காற்று தங்கி, வெள்ளித் தூள் தூவியது போலத் தெரியும். டிஸ்டில்டு வாட்டரில் படத்தைப் பத்துப் பதினைந்து நொடி நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் ஒட்டுப்பசை கரைந்துபோகும். உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அதன்மேல் படத்தைத் தாளிலிருந்து நழுவவிட்டு, ஈர பிரஷ்ஷால் நகர்த்திச் சரிசெய்து, பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கதவுக் கோட்டிலும் வளைவிலும் படியாவிட்டால் டெக்காலை இளக்கும் சாஃப்ட்னர் திரவம் தொடுங்கள். இல்லையென்றால் ஒரு பங்கு வெள்ளை வினிகரில் மூன்று பங்கு தண்ணீர். தொட்டபின் படம் சுருங்கித் திரையும். அப்போது கை வைக்கவே கூடாது. அரை மணியில் தானே படியும்.

பெரிய எண் முதலில், சிறிய விளம்பரம் பிறகு. இரண்டு கதவு, கூரை என மூன்று இடத்தில் எண் வரும். கூரை எண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அந்த ஆண்டின் புகைப்படத்தில் பார்த்து ஒட்டுங்கள். கார் சுழன்றால் மேலெழாமல் தடுக்கும் கூரையின் மடிப்புத் தட்டுகள் 1994-இல்தான் வந்தன. அதற்கு முந்தைய காரின் டெக்காலை, தட்டு உள்ள உடம்பில் ஒட்டினால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

சேசிஸ், கேஜ், சக்கரம்

ரோல் கேஜ்தான் பலரையும் பாதியில் நிறுத்தும் இடம். கேஜ் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றாலும் உடம்பு உட்காராது. காரணம் பெரும்பாலும் குழிக்குள் தங்கிய பெயிண்ட். திரவப் பசை பெயிண்டில் பிடிக்காது, பிளாஸ்டிக்கில்தான் பிடிக்கும். ஆகவே குழியையும் முளையையும் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்காக்குங்கள். பசை இல்லாமல் மாஸ்கிங் டேப்பால் கேஜைக் கட்டி, உடம்பை மேலே வைத்துப் பார்த்து, பிறகுதான் ஒட்ட வேண்டும்.

எஞ்சின் வி8. எட்டு பிளக் ஒயர், காயில் ஒயர் ஒன்று, ஆக ஒன்பது. அசல் ஒயர் 8 மி.மீ. தடிமன், 1:24 கிட்டுக்கு 24-ஆல் வகுத்தால் 0.33 மி.மீ. பழைய ஹெட்போனுக்குள் இருக்கும் நிற ஒயர் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். சீட் பெல்ட் அசலில் 3 அங்குலம். நிறம் பூசிய மாஸ்கிங் டேப்பை 3 மி.மீ. அகலத்தில் வெட்டுங்கள். ஓட்டுநர் பக்க ஜன்னல் வலைக்குக் கொசுவலைத் துண்டைக் கறுப்பாக்கி வைக்கலாம். அமெரிக்கக் கார், இடப்பக்க ஸ்டீயரிங் என்பதை மறக்காதீர்கள்.

1981 முதல் வந்த கார்களின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரம்) 110 அங்குலம். 1:24-இல் அது 116.4 மி.மீ., 1:25-இல் 111.8. பின் அச்சை ஒட்டியதும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். நான்கு சக்கரமும் தரையில் உட்கார்ந்ததா என்று பார்க்கக் கண்ணாடிப் பலகையில் வைத்து, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு தாள் துண்டைச் செருகி இழுங்கள். தடையில்லாமல் வருகிற மூலை தூக்கி நிற்கிறது. பசை முழுதாக இறுகுமுன் அந்த அச்சைத் திருத்திவிட வேண்டும். நாஸ்காரின் முதன்மையான கப் தொடரில், வீலுக்கு ஐந்து நட் என்பது 2021 வரையான கார்களுக்குத்தான். 2022 முதல் நடுவில் ஒரே நட், 18 அங்குல அலுமினிய வீல்.

டயர் மாட்டுமுன் ரிம்மைச் சுற்றி டெஃப்லான் டேப் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே தெரிவதை வெட்டிவிடுங்கள். வினைல் நேராக ரிம்மைத் தொடாது. இதை விட்டுவிட்டால் சில ஆண்டில், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் முன்னதாகவே, வீல் இளகி டயரோடு ஒட்டிவிடும்.

முடிந்த காரை மேற்குச் சுவரில் இல்லாத கண்ணாடி அலமாரியில் வையுங்கள். காலிப் பெட்டியையும் கட்டும் விளக்கத் தாளையும் பூச்சி அரிக்காமல் இருக்க அலமாரிக்குள் பாச்சை உருண்டை போடுவது நம் வீட்டு வழக்கம். இங்கே அது கூடாது. நாப்தலின் ஆவி மூடிய இடத்தில் பாலிஸ்டைரினை இளக்கும். பரப்பு பிசுபிசுத்து டெக்கால் நகரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.